அத்தியாயம் 6: ஆர்டர் எங்கே நின்றது? இணைப்புப் பாலத்தில் லாகும் ட்ரேஸும்

காலை பதினொரு மணிக்கு ஒரு டிக்கெட் வருகிறது: "ஆர்டர் 48213 கணக்கில் ஏறவில்லை." இணையக் கடையைப் பார்த்துக்கொள்ளும் குழு, "நாங்கள் அனுப்பிவிட்டோம், 200 பதிலும் வந்துவிட்டது" என்கிறது. கணக்கு மென்பொருள்காரர்கள், "எங்கள் பக்கம் எதுவும் வரவில்லை" என்கிறார்கள். இரு தரப்பும் பொய் சொல்லவில்லை. நடுவில் நிற்கும் பாலம் உங்களுடையது என்பதால் எல்லோரும் உங்களைப் பார்க்கிறார்கள். லாக் கோப்பில் 48213 என்று தேடுகிறீர்கள். ஒரு வரிகூட வரவில்லை. அல்லது நாலாயிரம் வரிகள் வந்து கொட்டுகின்றன. இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை.

பாலம் என்று இங்கே சொல்வது, ஒரு மென்பொருளின் செய்தியை வாங்கி, வடிவம் மாற்றி, இன்னொன்றிடம் ஒப்படைக்கும் இடைநிலைச் செயலியை. உதாரணத்துக்கு அப்பாச்சி கேமலில் எழுதிய ஒரு பாலத்தை வைத்துக்கொள்வோம். கடையிலிருந்து எச்டிடிபி வழியே ஆர்டர் வரும்; பாலம் அதை ஜேஎம்எஸ் வழியே ஆக்டிவ்எம்க்யூ வரிசையில் போடும்; மறுமுனையில் அதை எடுத்துக் கணக்கு மென்பொருளின் ஏபிஐக்கு அனுப்பும். லாக் எழுதுவது எஸ்எல்எஃப்4ஜே, அதன் அடியில் லாக்பேக். உங்களிடம் இருப்பது ஸ்பிரிங் இன்டக்ரேஷனாக இருக்கலாம். யாரோ எழுதி வைத்துவிட்டுப் போன பைத்தான் ஸ்கிரிப்டாகவும் இருக்கலாம். அமைப்புகளின் பெயர் மாறும், வேலை மாறாது.

முதலில் ஐடி, லெவல் அப்புறம்

பிரச்சினை என்றதும் பெரும்பாலோர் செய்யும் முதல் காரியம், மூல லாகரை டீபக்குக்கு மாற்றுவது. உடனே கேமல் பேசும், ஜேஎம்எஸ் கிளையன்ட் பேசும், கனெக்‌ஷன் பூல் பேசும், எச்டிடிபி கிளையன்ட் போன பைட், வந்த பைட் எல்லாவற்றையும் ஒப்பிக்கும். எந்த வரி எந்த ஆர்டருக்கு உரியது என்பது மட்டும் தெரியாது. பத்து த்ரெட்கள் ஒரே கோப்பில் எழுதும்போது, அடுத்தடுத்து இருக்கும் இரண்டு வரிகளுக்கு ஒன்றோடொன்று சம்பந்தமே இருக்காது.

எனவே லெவலைத் தொடும் முன், ஒவ்வொரு வரியிலும் செய்தியின் ஐடி இருக்கிறதா என்று பாருங்கள். எல்.ஆர். நம்பர் இல்லாமல் பார்சல் ஆபீஸில் மூட்டையைத் தேடச் சொன்னால் என்ன பதில் கிடைக்குமோ, ஐடி இல்லாத லாக்கிடமும் அதுதான் கிடைக்கும்.

ஐடி இரண்டு வேண்டும். ஒன்று ஆர்டர் எண். டிக்கெட் போடுபவருக்குத் தெரிந்தது அதுதான். மற்றது, செய்தி பாலத்துக்குள் நுழையும்போது பாலமே கொடுக்கும் பயண ஐடி. ஆர்டர் எண் மட்டும் போதாதா என்று கேட்கலாம். கடை ஒரே ஆர்டரை இரண்டு முறை அனுப்பினால் எண் ஒன்றுதான், பயணம் இரண்டு. ஜேசான் உடைந்து வந்தால் ஆர்டர் எண்ணைப் படிக்கவே முடியாது. அந்த நிலையிலும் பயண ஐடி கையில் இருக்கும்.

கேமலில் இதற்கு ப்ரெட்கிரம்ப் என்ற வசதி உண்டு. கேமல் 3 முதல் அது தானாக இயங்குவதில்லை. கான்டெக்ஸ்ட் அமைப்பில் இயக்க வேண்டும். அந்த ஐடியை லாக் வரிக்குக் கொண்டுவருவது எம்டிசி. அதையும் தனியாக இயக்க வேண்டும். மூன்றாவதாக, லாக்பேக்கின் வரி வடிவத்தில் எம்டிசி மதிப்பைக் கேட்கும் குறியைச் சேர்க்க வேண்டும். பலர் முதல் இரண்டையும் செய்துவிட்டு மூன்றாவதை விட்டுவிடுவார்கள். மதிப்பு நினைவகத்தில் இருக்கும், வரியில் அச்சாகாது. மூன்றும் சரியாக இருந்தால் வரி இப்படி வரும்:

2025-03-11T10:42:07.318+05:30 இன்ஃபோ [கடை-ஆர்டர்-உள்ளே] பயணம்=7714-0093 ஆர்டர்=48213 வந்தது அளவு=2314

சதுர அடைப்புக்குள் இருப்பது ரூட்டின், அதாவது பாலத்துக்குள் செய்தி போகும் பாதையின், பெயர். நீங்கள் பெயர் வைக்காவிட்டால் கேமல் தானே ரூட்1, ரூட்2 என்று வைத்துக்கொள்ளும். அடுத்த மாதம் மேலே ஒரு ரூட்டைச் சேர்த்தால் எண்கள் நகர்ந்துவிடும். பழைய லாகின் ரூட்3 வேறு, புதிய லாகின் ரூட்3 வேறு. ஒவ்வொரு ரூட்டுக்கும் பெயர் வைப்பது சோம்பேறித்தனத்தால் விட்டுப்போகும் வேலை. புதிதாகப் பொறுப்பேற்ற பாலத்தில் அதை முதல் வாரமே முடித்துவிடுங்கள்.

எம்டிசி த்ரெட்டோடு ஒட்டிக்கொண்டிருப்பது. கேமலின் சொந்த த்ரெட் மாற்றங்களில் கேமலே அதைக் கடத்திவிடும். நீங்களாக ஓர் எக்சிக்யூட்டர் உருவாக்கி வேலையைத் தள்ளிவிட்டால், அங்கே எழுதும் வரிகளில் ஐடி காலியாக இருக்கும். அதைவிட மோசம், அந்த த்ரெட்டில் முன்பு ஓடிய ஆர்டரின் ஐடி ஒட்டிக்கொண்டிருப்பது. காலி வரியைப் பார்த்தால் சந்தேகமாவது வரும். தப்பான ஐடி உங்களை அரைநாள் வேறு ஆர்டரின் பின்னால் அலையவிடும். வேலை தொடங்கும்போது எம்டிசியை வைத்து, முடியும்போது துடைத்துவிட வேண்டும்.

எல்லைகளில் எழுதுங்கள், செய்து முடித்த பின் எழுதுங்கள்

பாலத்துக்குள் நடக்கும் ஒவ்வொரு அசைவுக்கும் வரி வேண்டாம். செய்தி கை மாறும் இடங்களில் வேண்டும். நம் உதாரணத்தில் அவை நான்கு: கடையிடமிருந்து வாங்கியது, வரிசையில் வைத்தது, வரிசையிலிருந்து எடுத்தது, கணக்கிடம் ஒப்படைத்தது. நான்குக்கும் இன்ஃபோ லெவல்.

அந்த வரியை எப்போது எழுதுவது என்பதில்தான் கோட்டை விடுகிறோம். "கணக்குக்கு அனுப்புகிறது" என்று அழைப்புக்கு முன்பே எழுதிய வரி எண்ணத்தை மட்டுமே சொல்கிறது. அதைக் காட்டி "அனுப்பிவிட்டோம்" என்று வாதாட முடியாது. அழைப்பு முடிந்து பதில் வந்தபின் ஒரு வரி, அதில் பதில் எண், எடுத்த நேரம், மறுபக்கம் கொடுத்த குறிப்பு எண்: இவ்வளவும் இருந்தால்தான் அது சாட்சி. முன்னால் ஒன்று பின்னால் ஒன்று என்று இரண்டு எழுதினால் இன்னும் நல்லது. முன்வரி இருந்து பின்வரி இல்லையென்றால், அழைப்பு இன்னும் தொங்கிக்கொண்டிருக்கிறது அல்லது செயலி நடுவிலேயே செத்துவிட்டது.

இப்படி அமைத்த லாகில் 48213-ஐ இப்போது பார்ப்போம். நான்கு வரிகளும் இருக்கின்றன. கடைக்குப் போன 200, பாலம் வாங்கிக்கொண்டது என்பதற்கான 200. கணக்கு வரை போய்ச் சேர்ந்ததற்கு அல்ல. கடைசி வரி இப்படி இருக்கிறது:

2025-03-11T10:42:09.771+05:30 இன்ஃபோ [கணக்கு-வெளியே] பயணம்=7714-0093 ஆர்டர்=48213 ஒப்படைத்தது பதில்=200 நிலை=நிராகரிப்பு காரணம்="ஜிஎஸ்டி எண் வடிவம் தவறு" நேரம்=412

கணக்கு மென்பொருள் எச்டிடிபி 200 கொடுத்துவிட்டு, பதிலின் உடலுக்குள் நிராகரிப்பைச் சொல்லியிருக்கிறது. பழைய நிறுவன மென்பொருள்களில் இது சகஜம். பாலம் 200-ஐ மட்டும் பார்த்து, வேலை முடிந்ததென்று வரிசையிலிருந்து செய்தியை நீக்கிவிட்டது. கணக்குக்காரர்கள் தங்கள் அட்டவணையில் தேடினார்கள். அங்கே அந்த ஆர்டர் ஏறவே இல்லை. "நிலை", "காரணம்" என்ற இரண்டு புலங்கள் அந்த வரியில் இல்லையென்றால் மூன்று குழுவும் மாலை வரை கூட்டம் போட்டிருக்கும். மறுபக்கம் எந்த மொழியில் "முடியாது" சொல்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு, அதை லாகில் பிடியுங்கள். இந்த வரி இன்ஃபோவில் வந்திருப்பதும் சரியில்லை. நிராகரிப்பு என்றால் வார்ன் லெவலில் வர வேண்டும்.

ஐடி தொலையும் இடம்

எச்டிடிபியிலிருந்து ஜேஎம்எஸ்ஸுக்கு மாறும்போது ஐடி காணாமல் போவது அடிக்கடி நடக்கும். காரணம் ஒரு சிறிய கோடு. எச்டிடிபி ஹெட்டருக்கு எக்ஸ்-கோரிலேஷன்-ஐடி என்று நடுவில் கோடு போட்டுப் பெயர் வைப்பது வழக்கம். ஜேஎம்எஸ் விதிப்படி ஒரு செய்திப் பண்பின் பெயர் ஜாவாவில் மாறிக்கு வைக்கத்தக்க பெயராக இருக்க வேண்டும். அதில் கோடு வரக்கூடாது, புள்ளியும் கூடாது. கேமல் இதைச் சமாளிக்க, கோடு வரும் இடத்தில் ஹைஃபன் என்ற சொல்லையே இரு பக்கமும் அடிக்கோட்டோடு செருகிவிடும். மறுமுனையிலும் கேமல் இருந்தால் பழைய பெயருக்குத் திருப்பிவிடும், நமக்குத் தெரியவே தெரியாது. மறுமுனையில் வேறு மொழியில் எழுதிய நுகர்வி இருந்தால், அது அந்த நீளமான விசித்திரப் பெயரைத்தான் பார்க்கும்; தான் தேடும் பெயர் இல்லையென்று புதிதாக ஓர் ஐடி போட்டுக்கொள்ளும். பாலத்தின் நடுவில் ஒரே செய்திக்கு இரண்டு பயணம்.

தீர்வு எளிது: எல்லைகளைக் கடக்கும் ஐடிக்குக் கோடு, புள்ளி இல்லாத ஒற்றைச் சொல்லாகப் பெயர் வையுங்கள். ஜேஎம்எஸ்ஸில் ஏற்கெனவே கோரிலேஷன் ஐடி என்ற இடம் இருக்கிறதே, அதில் போடலாமே என்று தோன்றும். அந்த இடம் கேள்விக்கும் பதிலுக்கும் முடிச்சுப்போடப் பயன்படுவது. அங்கே கை வைத்தால் பதிலுக்காகக் காத்திருக்கும் ரூட் காத்துக்கொண்டே இருக்கும்.

செய்தியின் உடலை லாகில் கொட்டலாமா

கூடாது என்று ஒரேயடியாகச் சொல்லிவிடலாம். ஆனால் வடிவமாற்றப் பிழையைத் தேடும்போது உடலைப் பார்க்காமல் முடியாது. கேமலில் உடல் சில வேளை ஸ்ட்ரீமாக வரும். ஸ்ட்ரீமை ஒருமுறைதான் படிக்க முடியும். லாக் வரி அதைப் படித்துவிட்டால் அடுத்த படிக்கு வெற்று உடல் போகும். பிழை தேடப் போட்ட வரியே புதுப் பிழையை உண்டாக்கும். ஸ்ட்ரீம் கேஷிங் இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. கேமல் 3.17-இலிருந்து அது தானாகவே இயங்குகிறது. அதற்கு முந்தைய வெளியீட்டில் ஓடும் பாலமென்றால் நீங்கள் இயக்க வேண்டும்.

உடலோடு சேர்ந்து வாடிக்கையாளரின் பெயர், கைபேசி எண், முகவரி எல்லாம் லாகுக்குப் போகும். இந்தியாவில் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் நிறைவேறியிருக்கிறது. லாக் கோப்பு அதற்கு விதிவிலக்கல்ல. கைபேசி எண்ணில் கடைசி நான்கு இலக்கம் தவிர மற்றதை மறைத்து எழுதும் ஒரு மாற்றியை லாக்பேக்கின் வடிவத்திலேயே பொருத்திவிடுங்கள். ஒவ்வொரு நிரலாளரும் நினைவு வைத்துக்கொண்டு மறைப்பார் என்று நம்ப வேண்டாம்.

வெளியிலிருந்து வரும் உரையை லாகில் எழுதுவதே ஓர் ஆபத்து என்பதை 2021 டிசம்பரில் உலகமே பார்த்தது. லாக்4ஜே 2-இல் வெளிப்பட்ட லாக்4ஷெல் குறையில், லாகுக்குப் போகும் சரத்துக்குள் ஒரு குறிப்பிட்ட வடிவத்தை வைத்தாலே அந்தக் கணினியில் வேற்று நிரலை ஓடவைக்க முடிந்தது. நம் உதாரணத்தில் லாக்பேக் இருப்பதால் அந்தக் குறை இல்லை. ஆனாலும் வந்த உரையில் இருக்கும் புதுவரிக் குறிகளை நீக்கித்தான் எழுத வேண்டும். இல்லையென்றால் ஒருவர் தன் பெயர்ப் புலத்துக்குள்ளேயே போலி லாக் வரி ஒன்றை எழுதிவிடலாம்.

தேவைப்படும் இடத்தில் மட்டும் டீபக்

லாகர்களுக்குத் தனித்தனிப் பெயர் இருப்பது இதற்காகத்தான். மூல லாகர் இன்ஃபோவிலேயே இருக்கட்டும். கணக்கு ஏபிஐயில் சந்தேகமா, எச்டிடிபி கிளையன்டின் வயர் லாகரை மட்டும் டீபக்குக்கு மாற்றுங்கள். அது ஆத்தரைசேஷன் ஹெட்டரையும் அப்படியே அச்சிடும். டோக்கன் கோப்பில் தங்கிவிடும். எனவே பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம், பார்த்தபின் அந்தக் கோப்பைத் தனியாக எடுத்து வைத்து அழித்துவிடுங்கள்.

இதற்காகச் செயலியை நிறுத்தி ஓட்ட வேண்டியதில்லை. லாக்பேக் அமைப்புக் கோப்பில் ஸ்கேன் என்ற பண்பை இயக்கி வைத்தால், கோப்பு மாறியிருக்கிறதா என்று நிமிடத்துக்கு ஒருமுறை அதுவே பார்த்துக்கொள்ளும். ஸ்பிரிங் பூட்டில் ஓடினால் ஆக்சுவேட்டரின் லாகர்ஸ் முகவரி வழியே நேரடியாக மாற்றலாம். மறுதொடக்கம் செய்தால் பல பிழைகள் மறைந்துவிடும். மறைந்தது சரியானது என்று யாரோ டிக்கெட்டை மூடிவிடுவார்கள். அடுத்த வாரம் அதே பிழை வேறு எண்ணோடு வரும்.

டிஎல்எஸ் கைகுலுக்கல் மட்டும் விதிவிலக்கு. ஜாவாவின் எஸ்எஸ்எல் டீபக் ஒரு சிஸ்டம் பிராப்பர்ட்டி. தொடக்கத்திலேயே கொடுக்க வேண்டும், வெளியீடும் கன்சோலுக்குத்தான் வரும். லாக்பேக் கோப்பில் தேடி ஏமாறாதீர்கள்.

சத்தமில்லாமல் வரி தொலைவது

லாகில் இல்லை என்றால் நடக்கவில்லை என்று முடிவு கட்டும் முன் லாக் அமைப்பையே ஒருமுறை சந்தேகப்படுங்கள். வேகத்துக்காக லாக்பேக்கில் அசிங்க் அப்பெண்டர் வைத்திருப்பார்கள். அதன் வரிசையின் இயல்பு அளவு 256. அதில் 80 சதவீதம் நிரம்பியதும் ட்ரேஸ், டீபக், இன்ஃபோ வரிகளை அது எறிந்துவிடும். வார்ன், எரர் மட்டும் தங்கும். நெரிசல் நேரத்தில்தான் வரிசை நிரம்பும். நமக்கு வேண்டிய "ஒப்படைத்தது" வரிகள் அதே நேரத்தில்தான், அதே இன்ஃபோ லெவலில்தான் வரும். எல்லை வரிகளுக்குத் தனி லாகர் பெயர் கொடுத்து, எறியும் வரம்பைப் பூஜ்யமாக்கிய தனி அப்பெண்டருக்கு அனுப்புங்கள். அப்போது வரிசை நிரம்பினால் எழுதுபவர் காத்திருக்க நேரும்; ஆர்டர் பாலத்துக்கு அந்தத் தாமதம் பரவாயில்லை.

மறுமுயற்சிகளும் இப்படித்தான் கண்ணில் படாமல் போகும். கேமலில் ஒவ்வொரு மறுமுயற்சிக்குமான வரியின் இயல்பு லெவல் டீபக். மூல லாகர் இன்ஃபோவில் இருந்தால் கடைசித் தோல்வி மட்டுமே தெரியும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: கேமலில் மறுமுயற்சி 3 என்று வைத்தால் மொத்தம் 4 அழைப்பு. டிரான்ஸாக்டட் முறையில் ஓடினால் தோற்ற செய்தி மறுபடி வரிசைக்குப் போகும். ஆக்டிவ்எம்க்யூ கிளையன்ட் இயல்பாக 6 முறை மறுபடி தரும், ஆக 7 வரவு. 4-ஐ 7-ஆல் பெருக்கினால் 28. ஒரே ஆர்டருக்கு 28 முறை கணக்குக் கதவைத் தட்டியிருக்கிறோம், லாகில் அதன் சுவடு அநேகமாக இல்லை. மறுமுயற்சி லெவலை வார்னுக்கு உயர்த்துங்கள். எத்தனையாவது முயற்சி என்ற எண் வரியில் இருக்கட்டும். முயற்சிகள் தீர்ந்த செய்தியை டெட் லெட்டர் வரிசைக்குத் தள்ளும் இடத்தில் நீங்களே எரர் வரி ஒன்றை எழுதுங்கள். இயல்பு நடத்தையை நம்பியிருக்க வேண்டாம்.

கோப்பைச் சுழற்றும் லாக்ரொட்டேட்டில் காப்பிட்ரங்கேட் முறை இருந்தால், நகலெடுத்ததற்கும் வெட்டுவதற்கும் இடையில் எழுதிய வரிகள் போய்விடும். லாக்பேக்கின் சொந்தச் சுழற்சி இருக்கும்போது இது தேவையில்லை.

கடிகாரம்

கடை பெங்களூரு சர்வரில், பாலம் கன்டெய்னரில், கணக்கு அலுவலகத்துக் கணினியில். கன்டெய்னர் பெரும்பாலும் யூடிசியில் ஓடும். மற்ற இரண்டும் இந்திய நேரம். ஐந்தரை மணி நேர இடைவெளியில் அந்த அரை மணிதான் ஆளைக் குழப்பும். நேரத்தோடு +05:30 என்றோ யூடிசி என்றோ வித்தியாசத்தை எப்போதும் எழுதுங்கள், மில்லிசெகண்ட் வரை.

இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவு கட்டாயமாக்கியவற்றில் இரண்டு நமக்கு முக்கியம்: கணினிக் கடிகாரங்களை என்ஐசி அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வர்களோடு, அல்லது அவற்றோடு இணைந்தவற்றோடு, ஒத்திசைத்திருக்க வேண்டும், லாக்களை 180 நாட்கள் இந்திய எல்லைக்குள் பாதுகாக்க வேண்டும். கோப்பு எத்தனை நாள் இருக்க வேண்டும் என்பதை டிஸ்க் அளவை வைத்து முடிவு செய்யும் பழக்கத்துக்கு இது முற்றுப்புள்ளி. லாக்பேக்கில் மொத்த அளவு வரம்பு வைத்திருந்தால், அது 180 நாள் ஆகும் முன்பே பழையதை அழித்துவிடுகிறதா என்று பாருங்கள். அழிக்கும் முன் வேறிடத்துக்கு நகர்த்தும் ஏற்பாடு வேண்டும்.

ட்ரேஸ்

ஒரு செய்தி ஒவ்வொரு இடத்திலும் எவ்வளவு நேரம் இருந்தது என்பதை லாக் வரிகளைக் கழித்துக் கூட்டிப் பார்க்கலாம். பாலம் ஒன்றாக இருக்கும்வரை அது போதும். நான்கைந்து செயலிகள் சேர்ந்தால் ட்ரேஸ் வேண்டும். கூகுள் 2010-இல் வெளியிட்ட டாப்பர் கட்டுரைதான் இதைப் பரவலாக்கியது. 2019-இல் ஓப்பன்ட்ரேசிங், ஓப்பன்சென்சஸ் இரண்டும் சேர்ந்து ஓப்பன்டெலிமெட்ரி ஆனது. புதிதாகத் தொடங்குபவர் வேறெதையும் தேட வேண்டாம். ஜாவா ஏஜென்ட்டைச் செயலியோடு சேர்த்து ஓட்டினால் போதும். அது ஸ்பான்களை, அதாவது ஒவ்வொரு இடத்திலும் செலவான நேரத்தின் பதிவுகளை, ஓப்பன்டெலிமெட்ரி கலெக்டரின் 4317 அல்லது 4318 போர்ட்டுக்கு அனுப்பும். பார்ப்பதற்கு யேகர்.

ஐடியைக் கடத்துவது ட்ரேஸ்பேரன்ட் என்ற ஹெட்டர். 2020 பிப்ரவரியில் டபிள்யூ3சி பரிந்துரையானது. நான்கு பகுதி: பதிப்பு, 32 இலக்க ட்ரேஸ் ஐடி, 16 இலக்க ஸ்பான் ஐடி, கொடி. அந்தப் பெயரில் கோடே இல்லை என்பதைக் கவனியுங்கள். முன்னால் சொன்ன ஜேஎம்எஸ் தொல்லை இதற்குக் கிடையாது. ட்ரேஸ் ஐடியை லாக் வரியிலும் எழுதிவிட்டால் யேகரில் பார்த்ததை லாகில் தேடலாம், லாகில் பார்த்ததை யேகரில் திறக்கலாம்.

எல்லாவற்றையும் சேமித்தால் செலவு ஏறும் என்று பத்தில் ஒன்று போதும் என்பார்கள். பக்கப் பார்வைகளுக்குச் சரி. ஆர்டர் பாலத்துக்கு நான் அதை ஒப்புக்கொள்வதில்லை: தொலைந்த ஆர்டர் அந்தப் பத்தில் ஒன்றாக இருக்காது. அளவு நாளைக்குச் சில ஆயிரம் என்றால் அத்தனையையும் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் போனால், பயணம் முடிந்தபின் தவறு நேர்ந்தவற்றை மட்டும் வைக்கும் டெயில் சாம்பிளிங்கைக் கலெக்டரில் வைக்கலாம். அதிலும் ஒரு சிக்கல்: ட்ரேஸ் முடிந்ததா என்று முடிவெடுக்க அது இயல்பாக 30 விநாடிதான் காத்திருக்கும். வரிசையில் செய்தி பத்து நிமிடம் தங்கினால், முதல் பாதி "தவறில்லை" என்று எறியப்பட்டபின் இரண்டாம் பாதி வந்து சேரும். நம்முடையதுபோல் வரிசை நடுவில் இருக்கும் பாலத்தில், வரிசைக்கு முன் ஒரு ட்ரேஸ், பின் ஒரு ட்ரேஸ் என்று பிரித்து, இரண்டையும் லிங்க் மூலம் இணைப்பதே மேல். ஐம்பது செய்திகளை ஒன்றாக எடுத்து அனுப்பும் ரூட்டுக்கும் இதே வழிதான். ஐம்பதில் எதைத் தாயாகக் காட்டுவது என்ற கேள்வியே எழாது.

ஒத்திகை

அமைத்து முடித்ததும் சோதனைச் சூழலில் நான்கு காரியம் செய்யுங்கள். கணக்கு ஏபிஐயை நிறுத்துங்கள். ஆக்டிவ்எம்க்யூவை நிறுத்துங்கள். ஜேசானில் ஓர் அடைப்பை நீக்கி ஓர் ஆர்டர் அனுப்புங்கள். ஒரே ஆர்டரை இருமுறை அனுப்புங்கள். பிறகு இந்தப் பாலத்தை எழுதாத ஒருவரை, இரவு ஷிப்டில் இருப்பவராக இருந்தால் நல்லது, அழைத்து ஆர்டர் எண்களை மட்டும் கொடுங்கள். என்ன நடந்தது என்று அவர் லாகிலிருந்து சொல்லட்டும். அவர் உங்களிடம் வந்து ஏதாவது கேட்டால், அந்தக் கேள்வியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அதற்கான புலம் எல்லை வரியில் இல்லை. சேர்த்துவிட்டு வேறொருவரை அழையுங்கள்.